‘ஒத்துக்கல’ என்று சொல்லிக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம்: உயிரைப் பறிக்கும் அலர்ஜியில் நாம் எங்கே சறுக்குகிறோம்?

2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் அந்த பிளாஸ்டிக் நாற்காலி ஞாபகம் இருக்கும். ஊசி போட்டதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. "அரை மணி நேரம் அங்க உட்காருங்க" என்று ஒரு ஹாலைக் கை காட்டினார்கள். சிலர் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். சிலர் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து நைசாக நழுவினார்கள். எதற்கு இந்த 30 நிமிடம் என்று கேட்டவர்கள் குறைவு.

காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்பதற்காக அல்ல. காய்ச்சல் எப்படியும் ராத்திரிதான் வரும். அந்தக் காத்திருப்பு ‘அனஃபிலாக்சிஸ்’ என்ற ஒரே ஒரு விஷயத்துக்காக. லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டும் வரக்கூடிய, ஆனால் வந்தால் நிமிடங்களில் உயிரை எடுத்துவிடக்கூடிய தீவிர ஒவ்வாமை. அதற்காகவே நர்ஸின் மேஜையில் ஒரு சின்னப் பெட்டி தயாராக இருந்தது. உள்ளே அட்ரினலின் ஆம்பூல், சிரிஞ்ச், ஊசி.

அந்த ஏற்பாடு சரியான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், அந்த ஹாலுக்கு வெளியே இதே அனஃபிலாக்சிஸ் வரும்போது நாம் செய்வது கிட்டத்தட்ட எல்லாமே தலைகீழ். இறால் பிரியாணி, குளவிக் கொட்டு, பல்வலிக்குப் போட்ட மாத்திரை... காரணம் எதுவாக இருந்தாலும் முதலில் ஒரு செட்ரிசின். பிறகு, "கொஞ்ச நேரம் பார்க்கலாம்". அந்தக் ‘கொஞ்ச நேரம்’தான் ஆளைக் கொல்கிறது.

ஒரே வார்த்தைக்குள் எல்லாம்

தமிழில் நாம் அலர்ஜியைச் சொல்லும் விதமே கொஞ்சம் மெத்தனமானது. "எனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது", "இறால் சாப்பிட்டா ஒத்துக்கல". நாக்கு லேசாக அரிப்பதும் ‘ஒத்துக்கல’தான், வயிறு உப்பினாலும் ‘ஒத்துக்கல’தான், மூச்சு அடைத்து விழுவதும் அதே ‘ஒத்துக்கல’தான். கிராமத்தில் உடம்பெல்லாம் திடீரென்று தடித்துச் சிவந்தால் ‘காணாக்கடி’ என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கடித்துவிட்டது என்று அர்த்தம். வெற்றிலையும் மிளகும் மென்று தின்னக் கொடுப்பார்கள், சில இடங்களில் மந்திரிப்பார்கள். பெரும்பாலான காணாக்கடி ஒரு நாளில் தானாகவே அடங்கிவிடும். அதனால் வைத்தியம் பலித்ததாகவும் தோன்றும். நகரத்தில் வெற்றிலை மிளகு இருந்த இடத்தில் ஏவில் மாத்திரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மனநிலை மாறவில்லை.

தடிப்பு மட்டும் என்றால் அது போதும். தடிப்போடு மூச்சு, தலைசுற்றல், தொடர் வாந்தி இதில் ஒன்று சேர்ந்தால் அது வேறு நோய். வேறு மருந்து.

நெப்டியூன் என்ற நாய்

இந்த நோய்க்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஷார்ல் ரிஷே. 1901-ல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் கடல் உயிரினங்களின் விஷத்தை ஆராயத் தொடங்கினார்கள் ரிஷேயும் அவருடைய சகா பால் போர்ட்டியேவும். பாரிஸ் திரும்பி, கடல் சாமந்தியின் விஷத்தை நாய்களுக்குச் சிறு அளவில் செலுத்திப் பார்த்தார்கள். தடுப்பூசி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் உடம்பு பழகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய்க்கு முதல் முறை ஒன்றும் ஆகவில்லை. சில வாரங்கள் கழித்து மறுபடி அதே விஷத்தைச் சிறு அளவில் செலுத்தினார்கள். மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, 25 நிமிடத்தில் நாய் செத்துப்போனது.

பாதுகாப்பு கிடைக்கும் என்று பார்த்தால் நேர் எதிராக நடந்திருக்கிறது. அதனால் ‘பாதுகாப்புக்கு எதிரானது’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அனஃபிலாக்சிஸ் என்றார்கள். 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"இத்தனை வருஷமா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகலையே" என்ற நம் ஃபேமஸ் வாதத்துக்கு நெப்டியூன்தான் பதில். முதல் முறை ஒன்றும் ஆகாதது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. சில சமயம் உடம்பு ஆயுதம் தயாரித்த கட்டம் அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

அந்த ஆயுதத்தின் பெயர் ஐ.ஜி.இ. நம் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஒரு வகை ஆன்டிபாடி. 1960-களில் ஜப்பானிய தம்பதி கிமிஷிகே இஷிஸாகாவும் டெருகோ இஷிஸாகாவும் அமெரிக்காவில் இருந்தபடி இதைக் கண்டுபிடித்தார்கள். ஸ்வீடனில் இன்னொரு குழுவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இறாலை எடுத்துக்கொள்வோம். அதில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம். சிலருடைய உடம்பு அதை எதிரி என்று தப்பாக முடிவு செய்து, அதற்கென்றே ஐ.ஜி.இ தயாரிக்கிறது. அந்த ஐ.ஜி.இ போய் ‘மாஸ்ட் செல்’ என்ற செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. (இதே குடும்பத்துப் புரதம் கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் இருக்கிறது. இறால் அலர்ஜிக்காரர்கள் பலருக்குத் தூசி அலர்ஜியும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.)

மாஸ்ட் செல்கள் இருக்கும் இடங்களைப் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். தோல், மூக்கு, தொண்டை, நுரையீரல், குடல், ரத்தக் குழாய்களைச் சுற்றி. அதாவது உடம்பு வெளியுலகத்தோடு உரசுகிற எல்லா வாசலிலும் இவை காவல் இருக்கின்றன. அடுத்த முறை இறால் புரதம் வந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐ.ஜி.இ-களைப் பாலம் போல இணைத்தால் போதும், மாஸ்ட் செல் தன் உள்ளே வைத்திருக்கும் ஹிஸ்டமின், ட்ரிப்டேஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். கூடவே லூகோட்ரைன் போன்ற ரசாயனங்களையும் புதிதாகத் தயாரிக்க ஆரம்பிக்கும்.

உடனே உள்ளங்கையும் உதடும் அரிக்கும், உடம்பில் தடிப்பு கிளம்பும். தொண்டையில் வீக்கம் வந்தால் குரல் மாறும், எச்சில் விழுங்கக் கஷ்டப்படும். மூச்சுக் குழாய்கள் சுருங்கினால் விசில் சத்தத்தோடு இழுப்பு. குடல் தசைகள் முறுக்கிக்கொண்டால் வயிற்று வலி, வாந்தி, பேதி. ஹோட்டல் சாப்பாடு என்றால் "ஃபுட் பாய்சனிங்" என்று தப்பாக நினைக்கப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. "ஏதோ பயமா இருக்கு, என்னமோ ஆகப்போகுது" என்று ஒருவர் இந்த நேரத்தில் சொன்னால் சிரித்துச் சமாளிக்க வேண்டாம். அந்தப் பய உணர்வும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும் ஓர் அறிகுறி.

ஆனால் உண்மையான ஆபத்து வெளியில் தெரியாத இடத்தில் நடக்கிறது. ரத்தக் குழாய்கள் ஒரே நேரத்தில் விரிகின்றன, கசியவும் ஆரம்பிக்கின்றன. குழாய்களுக்குள் ஓட வேண்டிய திரவத்தில் 35 சதவீதம் வரை 10 நிமிடங்களுக்குள் வெளியே, திசுக்களுக்குள் போய்விடலாம். ஒரு பெரிய விபத்தில் ரத்தம் போவதற்குச் சமம், ஆனால் தரையில் ஒரு சொட்டு கூட இருக்காது. இதயம் வேகமாகத் துடிக்கும். பம்ப் பண்ண உள்ளே சரக்கு இருக்காது.

இன்னொரு குழப்பம்: 10 முதல் 20 சதவீதம் பேருக்குத் தோலில் எதுவுமே தெரியாது. தடிப்பு இல்லையே, அப்போ அலர்ஜி இல்லை என்று முடிவு கட்டினால் அவர்கள் கதி அதோகதிதான்.

30, 15, 5

பிரிட்டனில் அனஃபிலாக்சிஸால் இறந்தவர்களின் விவரங்களை ஆண்டுக்கணக்கில் தொகுத்தவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி என்ற மருத்துவர். 2000-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூச்சோ இதயமோ நின்றுபோக எவ்வளவு நேரம் ஆனது என்பதன் நடு மதிப்பு: உணவு காரணம் என்றால் 30 நிமிடம், பூச்சிக் கொட்டு என்றால் 15, மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட மருந்து என்றால் 5.

செட்ரிசின் மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்துக்கு வந்து வேலையைக் காட்டவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிரச்னை தெளிவாகத் தெரியும். சரி, ஊசியாகவே போட்டால்? ஆன்டிஹிஸ்டமின் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அவ்வளவுதான். தொண்டை வீக்கத்தை, மூச்சுக் குழாய் சுருக்கத்தை, சரிந்த ரத்த அழுத்தத்தை அது தூக்கி நிறுத்தாது. ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்கு ஆகும். மோசம் என்னவென்றால் அரிப்பு அடங்கியதைப் பார்த்து "இப்ப பரவாயில்ல" என்று எல்லோரும் நிம்மதி ஆகிவிடுவார்கள். உள்ளே அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதைப் பொதுமக்கள் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. உடம்பெல்லாம் தடித்து மூச்சு வாங்குகிற ஒருவரைத் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப் போனால், முதலில் ஏறுவது பெரும்பாலும் ஏவிலும் டெக்ஸாமெதாசோனும்தான். அட்ரினலின் ஆம்பூல் அலமாரியிலேயே இருக்கும். இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அட்ரினலினை நேராக நரம்பில் ஏற்றுவது வேறு சமாச்சாரம், கண்காணிப்பு இல்லாமல் செய்தால் ஆபத்து. ஆனால் அனஃபிலாக்சிஸுக்கு முதலில் தர வேண்டியது தொடைத் தசையில். பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தேவைப்பட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொரு முறை. உயிர் போகிற நிலையில் இதைப் போடவே கூடாது என்று தடுக்கும் நோய் எதுவும் இல்லை என்பதுதான் உலக அளவிலான வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு.

ஏன் தொடை? கனடாவில் எஸ்டெல் சைமன்ஸ் குழு 1998-ல் குழந்தைகளிடம் அளந்து பார்த்தது. தொடைத் தசையில் போட்ட அட்ரினலின் சுமார் 8 நிமிடத்தில் ரத்தத்தில் உச்ச அளவைத் தொட்டது. தோலுக்கு அடியில் போட்டபோது சுமார் 34 நிமிடம். மேலே சொன்ன 30, 15, 5 ஞாபகம் இருந்தால் இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

அட்ரினலின் செய்வது ஒரே கல்லில் நாலு மாங்காய். விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கும், இதயத்துடிப்புக்கு வலு சேர்க்கும், மூச்சுக் குழாய்களைத் திறக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் மேலும் ரசாயனம் கொட்டுவதையும் குறைக்கும். தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. விலையும் மிகக் குறைவு. இவ்வளவு மலிவான, இவ்வளவு பழைய மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போடாமல் விடுவதை ‘விதி’ என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

பைக்கில் நடுவில் உட்கார வைப்பது

பம்ஃப்ரி 2003-ல் இன்னொன்றையும் கவனித்துச் சொன்னார். இறந்தவர்களில் சிலர், படுத்திருந்த நிலையிலிருந்து எழுப்பி உட்கார வைக்கப்பட்ட அல்லது நிற்க வைக்கப்பட்ட சில நொடிகளில் சரிந்திருக்கிறார்கள். காரணம் எளிது. ஏற்கெனவே குழாய்களில் திரவம் குறைவு. எழுந்து நின்றால் இருக்கிற கொஞ்சமும் கால்களில் தேங்கிவிடும். இதயம் காலியாகத் துடிக்கும்.

இதைப் படித்தவுடன் நம் ஊர்க் காட்சி ஒன்று கண்ணுக்கு முன்னால் வரும். மயக்கமான ஆளை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் பறப்பது. அன்பு, அக்கறை, அவசரம் எல்லாமே அதில் இருக்கிறது. அனஃபிலாக்சிஸில் அதைவிட மோசமான பயண முறை யோசித்தாலும் கிடைக்காது. படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுவதுதான் முதல் வேலை. "அலர்ஜி, மூச்சு விட முடியல" என்று போனிலேயே தெளிவாகச் சொல்லலாம். மூச்சு ரொம்பத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், ஆனால் கால் நீட்டியபடி. வாந்தி வந்தால் ஒருக்களித்து. கர்ப்பிணி என்றால் இடது பக்கமாக. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கார் பின் சீட்டில் படுக்க வைத்து கிளம்பலாம். "எழுந்து முகம் கழுவிட்டு வா" என்று பாத்ரூமுக்கு நடக்க விட வேண்டாம்.

ஊர்ப்பக்கம் குளவி, கதண்டு கொட்டிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அதில் இரண்டு விதம் உண்டு. கூட்டமாக நூற்றுக்கணக்கில் கொட்டினால் விஷத்தின் அளவே யாரையும் கொல்லும், சிறுநீரகம் வரை பாதிக்கும். அலர்ஜி இருப்பவருக்கோ ஒரே ஒரு கொட்டு போதும். "ஒரு குளவிதானே, சுண்ணாம்பு தடவினா சரியாகும்" என்பது இரண்டாவது வகைக்காரரிடம் சொல்லக் கூடாத வசனம். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்தே குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது, அதற்கும் இதே ரியாக்‌ஷன் வரலாம். அதனால்தான் அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு விஷமுறிவு மருந்தை ஏற்றச் சொல்கிறார்கள். அதாவது அரசு மருத்துவமனைகளுக்கு இந்த மருந்து புதிதல்ல. பாம்புக்கடி வார்டில் இருக்கும் தயார்நிலை, பிரியாணி சாப்பிட்டு வந்தவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

ஜிம் போகிறவர்கள் கவனத்துக்கு ஒரு விஷயம். சிலருக்குக் கோதுமை மட்டும் சாப்பிட்டால் எதுவும் ஆகாது, உடற்பயிற்சி மட்டும் செய்தாலும் ஆகாது. பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓடினால் அனஃபிலாக்சிஸ் வரும். வலி மாத்திரை, மது இரண்டும் இதே மாதிரி தூண்டிவிடும் கூட்டாளிகள். ‘நேத்து சாப்பிட்டேன் ஒண்ணும் ஆகல’ என்பது ஆதாரம் ஆகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊசி போட்டுத் தேறிவிட்டால் உடனே வீட்டுக்குக் கிளம்புவதும் தவறு. சிலருக்குச் சில மணி நேரம் கழித்து, மறுபடி எதையும் சாப்பிடாமலேயே, இரண்டாவது அலை வரும். அதற்காகத்தான் டாக்டர் இருக்கச் சொல்கிறார், பில் ஏற்ற அல்ல.

எள்ளில் இருந்த எமன்

2016 ஜூலையில் நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயது பிரிட்டிஷ் பெண், லண்டன் விமான நிலையத்தில் ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பிரான்ஸின் நீஸ் நகருக்கு விமானம் ஏறினார். அவருக்கு எள் அலர்ஜி. ரொட்டி மாவுக்குள்ளேயே எள் இருந்தது. கடையிலேயே தயாரித்த உணவு என்பதால் உறையில் அதைக் குறிப்பிட வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. விமானத்தில் அப்பா இரண்டு அட்ரினலின் பேனா ஊசிகளைப் போட்டும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோரின் போராட்டத்தால், கடையிலேயே பேக் செய்து விற்கும் உணவிலும் எல்லாச் சேர்மானங்களையும் எழுத வேண்டும் என்ற சட்டம் 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன் பெயரே ‘நடாஷா சட்டம்’.

அட்ரினலினும் சில நேரம் தோற்கும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் லேபிள் முக்கியம். இந்தியாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 2020 லேபிள் விதிகளின்படி பாக்கெட் உணவில் பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி-பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியம், சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். பட்டியலில் எள் இல்லை. அமெரிக்கா 2023 ஜனவரியிலிருந்து எள்ளைச் சேர்த்துவிட்டது. இட்லிப் பொடியில் எள், அதன் மேல் நல்லெண்ணெய், திருவிழாவுக்கு எள்ளுருண்டை என்று வாழும் ஊருக்கு அந்த வரி இன்னும் வரவில்லை என்பது வேடிக்கை.

பேனா ஊசிக் கதை இன்னும் கசப்பு. பேன்ட் மேலேயே தொடையில் வைத்து அழுத்தினால் போதும், படிக்காதவரும் போடலாம். அமெரிக்காவில் 1987-லிருந்தே ‘எபிபென்’ விற்பனையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் மருந்து சில்லறைக் காசு. ஆனால் 2016-ல் இரண்டு பேனா கொண்ட பேக் சுமார் 600 டாலருக்கு ஏறி, கம்பெனித் தலைவரை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டது. 2024 ஆகஸ்டில் ஊசியே இல்லாமல் மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்பிரேவுக்கும் அங்கே அனுமதி கிடைத்துவிட்டது. இங்கே பேனாவே பக்கத்து மெடிக்கலில் கேட்டவுடன் கிடைக்கிற பொருள் இல்லை. வெளிநாட்டு உறவினர் சூட்கேஸில் கொண்டுவந்தால் உண்டு. இல்லாதவர்களுக்குச் சில டாக்டர்கள் ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து, போடும் முறையைச் சொல்லித்தருகிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் குழந்தை மூச்சுத் திணறும்போது கண்ணாடியை உடைத்து, அளவு பார்த்து, காற்றை வெளியேற்றி ஊசி போடுவது எந்த அம்மாவின் கைக்கும் நடுக்கம் தரும் வேலை. கோடிக்கணக்கில் தடுப்பூசி தயாரித்து உலகத்துக்கே அனுப்பிய நாட்டுக்கு, ஸ்பிரிங் வைத்த ஒரு பேனாவை மலிவாகத் தயாரிப்பது பெரிய பொறியியல் சவால் அல்ல. கேட்கும் குரல்தான் குறைவு.

அதுவரை ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்கள் அலர்ஜி மருத்துவரிடம் பரிசோதித்து, எது காரணம் என்று உறுதி செய்து, அதை போன் லாக் ஸ்கிரீனில் ‘எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்’ பகுதியில் எழுதி வைக்கலாம். பக்கத்து டெஸ்க் நண்பரிடமும் சொல்லி வைக்கலாம். மயங்கிக் கிடக்கும்போது நாம் பேச முடியாது, அவர்தான் பேச வேண்டும்.

அப்புறம் ஹோட்டல். முந்திரி அலர்ஜி உள்ள ஒருவர், "அண்ணே, இந்த கிரேவில முந்திரி இருக்கா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு நம் ஊரில் அதற்கு வரக்கூடிய பதில்: "லைட்டாதான் சார் போட்டிருக்கோம், ஒண்ணும் ஆகாது."